பதினோராவது தட்டு

செய்யிறதெல்லாம் உன் கைதான், தூக்குறதுக்கு நாங்க இருக்கோம்ல, என்று மதினி சொன்னபோது அவள் மகளின் கல்யாணச் சீர்த்தட்டுக்காகச் சந்தன நிறத் துண்டு ஒன்றை அன்னப்பறவையாக மடித்துக்கொண்டிருந்தேன், சரிங்க மதினி என்றேன், அன்னத்தின் கழுத்து நிற்கவில்லை, குண்டூசி குத்தி நிறுத்தினேன், என் கணவர் தவறி மூன்று வருடம் ஆகியிருந்தது, மாப்பிள்ளை அழைப்பன்று நான் செய்த பதினோரு தட்டுகளும் மேளத்தோடு வாசலைத் தாண்டிப் போகிற சத்தத்தை மண்டபத்துச் சாமான் அறையில் வெங்காய மூட்டைகளுக்கு நடுவே நின்று கேட்டேன், யாரும் என்னை அங்கே அனுப்பவில்லை, நானாகத்தான் போனேன், அதுதான் ஆறு வருடமாகக் கசக்கிறது.

இன்றைக்குச் சனிக்கிழமை, மதுரையில் அண்ணனின் அதே வீடு, இந்த முறை கல்யாணம் என் மகள் இந்துஜாவுக்கு, ரெண்டு நாளைக்கு வீட்டில் அடுப்பே பற்ற வைக்கக் கூடாது என்பது அண்ணனின் உத்தரவு, கூடம் முழுக்க சாட்டின் துணியும் ஜரிகை லேஸும், அண்ணன் டிவி முன்னால் தலையணையில் சாய்ந்து உதவி செய்கிறேன் பேர்வழி என்று பாதி முத்துகளைச் சோபாவுக்கடியில் உருட்டிவிட, முத்து கோக்கச் சொன்னா கோலி விளையாடுறீங்களே என்கிறாள் மதினி, சிரிக்கிறோம், நானும்தான், எனக்குச் சிரிப்பு நன்றாகவே வருகிறது. மதியம் பார்சல் வந்தது, கறிதோசை, பரோட்டா, பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டிய சால்னா, அந்த முடிச்சை அவிழ்க்க எப்போதும் நான்தான் வேண்டும், தின்றுவிட்டு அவரவர் இருந்த இடத்திலேயே சாய்ந்தோம், கண் சொருகியதும் என் கையில் தட்டு இருக்கிறது, வெற்றிலை, தேங்காய், மஞ்சள், தெரு நீண்டுகொண்டே போகிறது, என் கணவர் ஓரமாகக் கூடவே நடந்து, பசை காஞ்சிருச்சா பாத்தியா என்கிறார், மனிதருக்கு எப்போதும் இப்படி ஒரு கவலை, மண்டப வாசலில் நிறையப் பேர் நிற்கிறார்கள், ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை, அதனாலேயே கனவு என்று தெரிந்துபோய் விழித்துக்கொண்டேன்.

மதினி விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள், சித்தி, என் தங்கச்சி, அவ மக, என்னையும் சேத்துப் பத்துப் பேருதான் வருது, தட்டு பதினொண்ணு, தூக்க ஒரு ஆள் குறையுதே. ஒரு தட்டக் குறைச்சிரு என்றார் அண்ணன் டிவியிலிருந்து கண்ணெடுக்காமல். பத்து எப்படிங்க, ஒத்தப்படையால்ல இருக்கணும், ஒம்போதாக்குனா மாப்பிள்ளை வீட்டுல இளக்காரமாப் பேசுவாங்க, மேல் வீட்டுக்குப் புதுசா குடி வந்திருக்காங்கல்ல, அவங்களக் கேட்டுப் பாக்குறேன். அவங்க பேரென்ன என்றார் அண்ணன். பேரு தெரியலைங்க, பூவும் பொட்டுமா லட்சணமா இருக்காங்க, பத்தாதா.

இந்துஜா பசைத் துப்பாக்கியோடு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள், இதோ சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன், சூட்டுப்பசை நூலாக இழுபட்டு அறுந்தது, அவள் குனிந்து இன்னொரு கல்லை ஒட்டினாள், பெங்களூரில் வேலை பார்க்கிறவள், எங்கம்மா மாதிரி தைரியம் யாருக்கு வரும் என்று சிநேகிதிகளிடம் சொல்கிறவள், அவளைச் சொல்லி என்ன, சாமான் அறைக்கு நான் நடந்து போனதைப் பட்டுப்பாவாடை தாவணி கட்டிக்கொண்டு பார்த்து நின்றவள்தானே, அம்மாவுக்கு அங்கேதான் இடம் என்று அவளுக்கு நான்தான் காட்டிக்கொடுத்திருக்கிறேன்.

மதினி மாடிக்குப் போக எழுந்துவிட்டாள். இருங்க மதினி என்றேன். இப்பவே கேட்டு வச்சாத்தான ஆச்சு என்கிறாள். இருங்க என்றேன் மறுபடியும், அண்ணன் டிவி சத்தத்தைக் குறைத்தார், என் மடியிலிருந்த முத்தெல்லாம் தரையில் கொட்டிச் சிதற நான் எழுந்து நிற்கிறேன், கேட்க வேண்டியது மதினியிடம் அல்ல, அண்ணனிடமும் அல்ல, இந்துஜா, உன் கல்யாணத்துல முதல் தட்டு நான் தூக்கணும்டி, தூக்கிட்டு வாம்மான்னு நீ சொல்லு.