கை தூக்கி எடுத்த அளவு

செல்வநாதனின் ஸ்கூட்டரில் ஏறினால் அவர் தோளில் கை வைக்கக் கூடாது. கட்டின பெண்டாட்டிக்கே அந்தச் சட்டம். கல்யாணமான நாளிலிருந்து டெய்சி பின்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் நெய்வேலி நகரியத்தின் அத்தனை பிளாக்கையும் சுற்றியிருக்கிறாள். மாதா கோயில் பூசைக்குப் போனால் அவர் பத்தடி முன்னால் போவார். கடைத்தெருவில் எதிரே யாராவது வந்தால் பத்தடி இருபதடியாகும். குடி கிடையாது, கை ஓங்கியது கிடையாது, சம்பளம் வந்தால் அப்படியே கொண்டுவந்து கொடுத்துவிடுவார். தங்கமான மனுஷன்தான். நாலு பேர் முன்னால் மட்டும் பெண்டாட்டி என்று ஒருத்தி இருப்பதே அவருக்கு மறந்துபோகும்.

அப்பேர்ப்பட்டவர் போட்டி மேடையில் மனைவியை அணைத்துப் பிடித்துக்கொண்டு ஆடப்போகிறார் என்றால் யார் நம்புவார்கள்? எனக்கே முதலில் நம்பிக்கை வரவில்லை.

எல்லாம் சர்க்கரை வியாதியால் வந்தது. டாக்டர் தினமும் நடக்கச் சொன்னார். செல்வநாதன் நாளைக்கு நாளைக்கு என்று ஒரு வருஷத்தை ஓட்டினார். அந்தச் சமயத்தில்தான் பாண்டிச்சேரியிலிருந்து ஒரு மாஸ்டர் ஞாயிறு சாயங்காலம் நகரியத்து மன்றத்தின் மாடியில் பால்ரூம் நடனம் சொல்லிக்கொடுக்க வந்தார். ஆணும் பெண்ணும் ஜோடியாக, ஒருவரை ஒருவர் பிடித்தபடி ஆடுவது. டெய்சி கேட்காமல் கொள்ளாமல் இரண்டு பேர் பெயரையும் கொடுத்துவிட்டாள். வீட்டில் ஒரு வாரம் சண்டை. மருந்து என்று நினைத்துக்கொண்டு வாருங்கள் என்று இழுத்துக்கொண்டு போனாள். போன இடத்தில்தான் அதிசயம் நடந்தது. கதவைச் சாத்தித் திரையை இழுத்துவிட்டதும் அந்த மனுஷனின் கால் வழுக்கிக்கொண்டு ஓடியது. மைன்ஸில் நாள் முழுக்க நிலக்கரி சுமந்து ஓடும் பெல்ட்டின் பக்கத்திலேயே நின்று பழகியவர். ஓட்டத்தை விட்டுவிடாமல் போவது எப்படி என்று உடம்புக்குத் தெரிந்திருந்தது போல.

இந்த ஆட்டத்தில் பெண்பிள்ளைக்குப் பெரும்பாலும் பின்னால் போவதுதான் வேலை. எங்கே போகிறோம் என்பது அவளுக்குத் தெரியாது. பார்க்கிற கண் அவருடையது, முதுகில் இருக்கும் அவர் கைதான் அவளுக்கு வழி. அந்தக் கை நழுவினால் விழவேண்டியதுதான். முதலில் டெய்சிக்கு உதறல் எடுத்தது. பிறகு அது போன இடம் தெரியவில்லை. வாரத்தில் அந்த ஒரு மணி நேரமாவது தன் புருஷன் தன்னை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்பது அவளுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை. சென்னையில் வேலை பார்க்கும் மகள் லிடியாவிடம்கூடச் சொன்னதில்லை. திங்கள் முதல் சனி வரை அந்த ஞாயிற்றை நினைத்துத்தான் ஓட்டினாள்.

செல்வநாதனோ ஷிப்டில் யாருக்கும் தெரியாமல் மூடி வைத்திருந்தார். அதற்குக் காரணம் இருந்தது. அவர் செக்‌ஷனில் ஒருவருக்குப் பட்டப்பெயர் விழுந்துவிட்டால் ரிட்டையர்மென்ட் மாலையைப் போடும்போதும் அதைச் சொல்லித்தான் போடுவார்கள். பெண்டாட்டிக்கு மழையில் குடை பிடித்துக்கொண்டு போன பாவத்துக்கு ஒருவர் ‘குடை’ ஆகிவிட்டார். அவர் சொந்தப் பெயர் என்னவென்று கேட்டால் இப்போது பாதிப் பேருக்குத் தெரியாது. குடைக்கே இந்தக் கதி என்றால் நடனத்துக்கு? அதனால் ஞாயிறு சாயங்காலம் எங்கே போகிறாய் என்று யார் கேட்டாலும் ஜெபக்கூட்டம் என்று சொல்லிவைத்திருந்தார்.

அவரோடு ஒரே ஷிப்டில் இருக்கும் பெரியண்ணன் அதை அப்படியே நம்பினார். தன் மகள் இசைப்பிரியா பரீட்சை எழுதப் போகிறாள், உங்கள் கூட்டத்தில் அவளுக்கும் ஒரு வார்த்தை சேர்த்துக் கேளுங்கள் என்றார். செல்வநாதன் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டார். டெய்சிக்குத்தான் மனசு கேட்கவில்லை. தினமும் ராத்திரி ஜெபமாலை சொல்லும்போது அந்தப் பெண்ணையும் சேர்த்துக்கொண்டாள். பெண் பாஸானதும் பெரியண்ணன் ஒரு முழுப் பலாப்பழத்தைத் தலையில் சுமந்துவந்து குவார்ட்டர்ஸ் வாசலில் இறக்கினார். கூட்டத்தில் எல்லாருக்கும் கொடுங்கள் என்றார். வீடெல்லாம் மூன்று நாள் பலா மணந்தது. செல்வநாதன் ஒரு சுளையைக்கூடத் தொடவில்லை.

பாண்டிச்சேரியில் ஆகஸ்டில் போட்டி என்று மாஸ்டர் சொன்னார். நாற்பது வயது தாண்டிய ஜோடிகளுக்குத் தனிப் பிரிவு. தெரிந்த முகம் ஒன்றும் அங்கே இருக்காது என்பதால் செல்வநாதனும் சரி என்றுவிட்டார். உடைக்குத்தான் விதி கறாராக இருந்தது. பெண்ணுக்கு நீளமான கவுன், ஆணுக்குப் பின்பக்கம் வால் இறங்கிய கறுப்புக் கோட்டு.

டெய்சியின் பாடு சுலபமாக முடிந்தது. அவள் அக்கா மகளின் கல்யாணக் கவுன் பெட்டியில் சும்மாதான் கிடந்தது. போட்டுக்கொண்டு ஒரு சுற்று சுற்றிப் பார்த்தாள், பின்னால் இழுபடும் துணியை மிதித்துத் தடுமாறினாள். பீடத்தை நோக்கி முன்னால் மட்டும் நடக்கிறவளுக்குத் தைத்தது அது. வாலை வெட்டி, கரையை மடித்து, வீட்டு மிஷினிலேயே அடித்துக்கொண்டாள்.

கோட்டுதான் உயிரை வாங்கியது. அவர் கல்யாணக் கோட்டு தொப்பைக்கு மேல் பூட்ட மறுத்தது. குள்ளஞ்சாவடியில் வாடகைக்கு உடை கொடுக்கிற ஒருவர் வால் கோட்டு இருக்கிறது என்று ஆசை காட்டினார். போய்ப் பார்த்தால், தோளில் தங்கக் குஞ்சம் தொங்குகிற பேண்டு செட்டுக்காரர் கோட்டு. கடலூரில் ரெடிமேட் கோட்டு ஒன்று அச்சாகப் பொருந்தியது. நடனத்துக்குப் பிடிப்பதுபோல் கையைத் தூக்கிக் காட்டுங்கள் என்றாள் டெய்சி. தூக்கினார். தோள் இரண்டும் ஏறிப்போய்க் காதை எட்டிப் பார்த்தன. பார்த்த கடைப் பையனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அன்று ராத்திரி லிடியா வாங்கிக்கொடுத்த போனில் டெய்சி தேடித் தேடிக் கண்டுபிடித்தாள். இந்தக் கோட்டின் அளவை எல்லாக் கோட்டையும்போல் கை தொங்கவிட்டு எடுக்கக் கூடாதாம். தூக்கிப் பிடித்த கையோடு, ஆடுகிற நிலையிலேயே நிற்கவைத்து எடுக்க வேண்டுமாம். கையை இறக்கினால் அது கோணலாகத்தான் இருக்கும், தூக்கினால்தான் அழகு.

பண்ருட்டியில் ராயப்பன் என்று ஒரு டெய்லர். சுற்றுவட்டாரத்து மாப்பிள்ளைகளுக்கெல்லாம் கோட்டு தைப்பவர், தன்னால் ஆகாதது ஒன்றுமில்லை என்கிற நினைப்பு உண்டு. பேருந்து நிலையத்தை ஒட்டிய தெருவில் கடை. முன்பக்கம் சுவரே கிடையாது, ஷட்டரைத் தூக்கினால் தெரு. டெய்சி போனில் படத்தைக் காட்டி விளக்கினாள். அவர் ரொம்ப நேரம் தாடையைச் சொறிந்துவிட்டு, அப்படியென்றால் இரண்டு பேரும் எப்படிப் பிடித்து ஆடுவீர்களோ அப்படியே நில்லுங்கள் என்றார்.

செல்வநாதன் தெருவைப் பார்த்தார். பலாப்பழ வண்டிகள், டீக்கடைக் கூட்டம், பூக்காரம்மா. வியர்வையைத் துடைத்துக்கொண்டு டெய்சியின் வலது கையைப் பிடித்தார், முதுகில் கை வைத்தார். ராயப்பன் கக்கத்துக்குக் கீழே டேப்பைக் கொண்டுபோன நேரம் பார்த்து நெய்வேலி பஸ் கடைக்கு நேரே வந்து நின்றது. ஜன்னலெல்லாம் முகம். செல்வநாதன் தேள் கொட்டினவர்போலக் கையை உதறிவிட்டு, அந்தப் பக்கம் திரும்பி, பொத்தான் டப்பாவை ஆராய ஆரம்பித்தார். டெய்சியின் கைகள் மட்டும் தூக்கியபடி நின்றன. இறக்கவேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே சற்று நேரம் பிடித்தது. ராயப்பன் மறுபடி நிற்கச் சொன்னதற்கு, எடுத்த வரைக்கும் போதும் என்றுவிட்டார் செல்வநாதன். மீதியை நான் கணக்குப் போட்டுக்கொள்கிறேன் என்று ராயப்பனும் தைரியம் சொன்னார்.

வீட்டுக்கு வந்து டெய்சி சமையலை முடித்தாள். சாப்பாட்டை எடுத்து வைத்த பிறகு, தான் பாண்டிச்சேரிக்கு வரப்போவதில்லை என்றாள். அவர் பதறிப்போனார். உலை வாயை மூடலாம் ஊர் வாயை மூட முடியுமா, பஸ்ஸில் நம்ம ஆள் எவனாவது இருந்திருந்தால் என்ன ஆகும் என்று கேட்டார். தெரியாத ஊரில் நன்றாகப் பிடிப்பேன் என்று சத்தியமே செய்தார். டெய்சிக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன.

“ஊரான் பொண்டாட்டியவா புடிச்சிகினு நின்னீங்க? நான் பின்னாலயே பாக்காம வரேங்க. யாரோ ஒருத்தன் எட்டிப் பாத்தான்னு நீங்க கைய விட்டா, நான் எங்க போயி வுழுவேன்?”

அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டு முடித்தார். அடுத்து வந்த இரண்டு ஞாயிறும் அவர்கள் மன்றத்துக்குப் போகவில்லை. டெய்சி வெட்டித் தைத்த கவுனை மடித்துப் பெட்டிக்கு அடியில் வைத்தாள். போட்டியும் வேண்டாம், அந்த ஒரு மணி நேரமும் வேண்டாம், இல்லாமலே இத்தனை வருஷம் இருந்தாயிற்று என்று மனசைத் தேற்றிப் பார்த்தாள். தேறவில்லை. வெறும் மாடிக்கூடம் கண்ணுக்குள்ளேயே நின்றது.

கோட்டு ட்ரையலுக்குச் சொன்ன நாள் வந்தது. அவருக்கு ஆஃப். எங்கே போகிறேன் என்று சொல்லாமல் காலையிலேயே கிளம்பிப் போனார். பதினொரு மணி இருக்கும், டெய்சியின் போன் அடித்தது. செல்வநாதன்தான். பின்னால் பஸ் ஹாரனும் நாலைந்து பேர் சிரிக்கிற சத்தமும் கேட்டன.

“டெய்சி, கோட்டு காது வரைக்கும் ஏறுது. ராயப்பன் பிரிச்சித் தைக்கிறேன்றாரு. நானும் ஒத்தையா கையத் தூக்கிகினு நின்னு பாத்தேன். நீ இல்லாம கை நிக்க மாட்டேங்குது. வரியா?”

அவள் போனை வைத்தாள். வேண்டுமானால் கெஞ்சட்டும் என்று அடுப்படிக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் அடுப்பை அணைத்துவிட்டுப் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தாள்.

பண்ருட்டியில் இறங்கித் தெருவைக் கடக்கும்போதே தெரிந்தது. ராயப்பன் கடை முன்னால் சின்னக் கூட்டம். உள்ளே பாதித் தையல் பிரித்த கறுப்புக் கோட்டில், சோளக்கொல்லை பொம்மைபோல இரண்டு கையையும் தூக்கி வைத்துக்கொண்டு அவள் புருஷன். டீக்கடையில் இருந்தவன் ஒருவன் என்னவோ சொல்ல மற்றவர்கள் சிரித்தார்கள். செல்வநாதனின் முகம் செக்கச் சிவந்து, சட்டைக் காலர் நனைந்து ஒட்டியிருந்தது. ஆனாலும் கையை இறக்காமல் நின்றார். அந்தக் கோலத்தைப் பார்த்ததும் டெய்சிக்கு வந்த கோபமெல்லாம் எங்கோ போயிற்று. பாவமாக இருந்தது, கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

ராயப்பனுக்கே மனசு இளகிப்போய், ஷட்டரைப் பாதி இறக்கிவிடட்டுமா சார் என்று கேட்டார். வேண்டாம், முழுக்க நனைந்த பிறகு முக்காடு எதற்கு, வெளிச்சத்தில் குறித்துக்கொள்ளுங்கள் என்றார் செல்வநாதன். டெய்சி போய் அவர் முன்னால் நின்றாள். அவர் அவள் கையைப் பிடித்தார், முதுகில் கை வைத்தார். அவள் இடது கையை அவர் தோளில் வைத்ததும் கோட்டின் தோள் ஒரு விரல் இறங்கியது. ராயப்பன் வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு குனிந்தார். கக்கம், முதுகு, மறுபடி கக்கம் என்று குத்திக்கொண்டே போனார்.

அப்போது நெய்வேலி பஸ் வந்து நின்றது. டெய்சி ஜன்னல்களைப் பார்க்கக் கூடாது என்று அவர் சட்டைப் பொத்தானையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் கை முதுகிலேயே இருந்தது. பஸ்ஸிலிருந்து இறங்கியவர்களில் ஒருவர் இரண்டு எட்டு போய்விட்டுத் திரும்பி வந்தார். கையில் மஞ்சள் பை. பெரியண்ணன்! கடை வாசலில் நின்று கோட்டைப் பார்த்தார், டெய்சியைப் பார்த்தார், செல்வநாதனின் கை இருக்கும் இடத்தைப் பார்த்தார்.

“இன்னா செல்வா, ஜெபக்கூட்டம் பண்ருட்டிக்கே வந்துடுச்சா?”

கூட்டம் கொல்லென்று சிரித்தது. பெயர் விழுந்தாயிற்று. மறுநாள் காலை ஷிப்டிலிருந்து ரிட்டையர்மென்ட் மாலை வரைக்கும் இனி அதுதான், ஜெபக்கூட்டம். டெய்சிக்கு அது அந்த நொடியே தெரிந்தது, அவருக்கும் தெரியாமல் இருக்காது. பலாப்பழம் வேறு நினைவுக்கு வந்து அவள் கூசிப்போனாள். இத்தனை வருஷப் பழக்கம் சும்மா விடுமா? அவர் கூனிக் குறுகுமுன் தானே விலகிவிடலாம் என்று, பாவம், தோளிலிருந்து கையை எடுத்தாள்.

செல்வநாதன் பிடியை விடவில்லை. முதுகில் இருந்த கை இன்னும் கொஞ்சம் அழுந்தியது.

“கைய எடுக்காத டெய்சி. அளவு போயிடும்.”

பிறகு கையை இறக்காமலே கழுத்தை மட்டும் வாசல் பக்கம் திருப்பினார். “ஒக்காரு பெரியண்ணா. ஒம் பொண்ணுக்கு நெஜமாவே ஜெபம் பண்ணவ இவதான். நான் ஆடத்தான் போய்கினு இருந்தேன். முடிய இன்னும் கொஞ்ச நேரம் ஆவும்.”

பெரியண்ணன் பையை மடியில் வைத்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தார். ராயப்பன் சாக்பீஸைத் தேடினார். நெய்வேலி பஸ் இன்னும் கிளம்பாமல் உறுமிக்கொண்டு நின்றது. அத்தனை ஜன்னலும் பார்க்க, டெய்சி கையைத் திரும்ப அவர் தோளில் வைத்தாள்.