இணைப்பு அறுந்ததற்கான விளக்கம்

அலுவலகத்தில் அண்ணி என்னைத் தெரியாதவள் போல நடந்துகொண்டாள். வீட்டில் "தம்பி, குப்பையைக் கொட்டிட்டு வா" என்று விரட்டுகிறவள், இங்கே "வாங்க சார், இதுதான் சார் கம்ப்யூட்டர்" என்கிறாள். கேபிள் சரிபார்க்க வந்தவன் அவளுடைய கொழுந்தன் என்று தெரிந்தால், நான் சொல்லும் காரணத்தை மேலாளர் நம்பமாட்டாராம். ஒருநாளாவது 'சார்' கிடைத்ததே என்று நானும் வாயை மூடிக்கொண்டேன்.

அவளுடைய கணினிக்கு மட்டும் இணைய இணைப்பு அடிக்கடி அறுந்தது. விண்ணப்பங்களை ஏற்ற முடியாமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். வேலைக்கு டிமிக்கி கொடுக்க அவளே கேபிளைப் பிடுங்குகிறாள் என்று மேலாளர் ஏற்கெனவே இரண்டு மெமோ கொடுத்துவிட்டார். மூன்றாவது இன்று காலை வந்தது. மாலை ஐந்துக்குள் விளக்கம் எழுத வேண்டும். விளக்கம் எடுபடாவிட்டால் இரண்டரை மணி நேரம் பயணம் செய்து போகிற கிளைக்கு மாற்றல். அப்புறம் அவள் மகளைப் பள்ளியிலிருந்து அழைத்துவருவது யார்? வேறு யார், நான்தான்.

கேபிளின் இரு முனையிலும் டெஸ்டரை மாட்டினேன். எட்டு விளக்கும் வரிசையாக எரிந்தன. முனையிலிருந்த ஜாக்கை நறுக்கிவிட்டுப் புதிது பொருத்தினேன். நெட்வொர்க் ஸ்விட்ச் பெட்டியில் வேறு துளைக்கு மாற்றினேன். பத்து நிமிடம் சமர்த்தாக ஓடியது. நான் பையை மூடியதும் செத்தது.

"மறுபடி போச்சா?" பலகைத் தடுப்புக்கு அந்தப்பக்கம் இருந்து மேலாளர் கேட்டார். "நான் பார்க்கிற நேரமெல்லாம் இந்தம்மா சும்மாதான் உக்காந்திருக்கு."

 அந்தப் 'பார்க்கிற நேரமெல்லாம்' என் மனதில் தைத்தது. கேபிளைத் தரையோடு தொடர்ந்தேன். தடுப்புக்கு அடியில் புகுந்து, மேலாளர் அறைக் கம்பளத்துக்குக் கீழே போனது. குப்புறப் படுத்து இடுக்கு வழியாகப் பார்த்தேன்.

மேலாளர் கைப்பேசியில் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார். திடீரென்று உருளும் நாற்காலியைப் பின்னால் தள்ளி, தடுப்பிலிருந்த கண்ணாடி வழியாக அண்ணியைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்தார். நாற்காலியின் இடது சக்கரம் கம்பளத்தின் மேட்டில் ஏறியது.

"போச்சு சார்," என்றாள் அண்ணி.

சக்கரம் இறங்கியது.

"வந்துடுச்சு சார்."

நாலு தடவை பார்த்தேன். பிறகு அவர் அறைக்குப் போய்க் கம்பளத்தைத் தூக்கிக் காட்டினேன். நசுங்கிய கேபிளைப் பார்த்து அவர் முகத்தில் ஈயாடவில்லை.

எங்கள் கம்பெனி வேலைச் சீட்டில் பழுதின் காரணத்தை எழுதி, அலுவலகத் தலைவரிடம், அதாவது இந்த மேலாளரிடமே, கையெழுத்து வாங்க வேண்டும். ஒரு நகல் அவர்களுடைய தலைமை அலுவலகத்துக்குப் போய்விடும். மேலாளர் குரலைத் தாழ்த்தினார்.

"எலி கடிச்சதுன்னு எழுதிடுங்க தம்பி. நான் அந்த மெமோவைக் கிழிச்சுடறேன்."

பூசி மெழுகுவது எனக்குக் கைவந்த கலை. மகளும் பள்ளியும் மாற்றலும் நினைவுக்கு வர, பேனாவைத் திறந்தேவிட்டேன். அப்போது அண்ணி மெமோவோடு உள்ளே வந்தாள்.

"கிழிக்க வேணாம் சார். விளக்கம் கேட்டிருந்தீங்களே, எழுதிட்டேன்."

அவர் தோளுக்கு மேலாக நானும் படித்தேன். ஒரே வரிதான்.

'நான் வேலை செய்கிறேனா என்று மேலாளர் எட்டிப் பார்த்தபோதெல்லாம் என் வேலை நின்றது.'

"விளக்கம் கிடைச்சுதுன்னு ஒரு கையெழுத்துப் போடுங்க சார்," என்று அண்ணி பேனாவை நீட்டினாள்.