கொழுப்பு குடித்த பூட்ஸ்

இடது கால் எப்படியோ வந்துவிட்டது. வலதுதான் வரமாட்டேன் என்று அடம்பிடித்தது. அவர் சமையலறை வாசற்படியில் உட்கார்ந்து நிலையை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். நான் தரையில் உட்கார்ந்து ரப்பர் பூட்ஸின் குதிகாலைப் பிடித்து இழுத்தேன். கல்யாணமான நாளிலிருந்து இந்த மனிதரின் காலை இவ்வளவு நேரம் நான் பிடித்ததே இல்லை.

"மெதுவாடி, தோலோட வந்துடப் போகுது."

"எதோடயாவது வந்தா சரி. பேசாம இருங்க."

இவருக்கு மீன் கழுவும் ஆலையில் வேலை. நாள் முழுக்கத் தண்ணீரில் நிற்க வேண்டும். சேர்ந்தபோது எல்லோருக்கும் தோல் பூட்ஸ்தான். மெழுகு நூலில் நெருக்கமாகத் தைத்தது. கயிறு கட்டுகிற இடத்தில் நாக்கு மாதிரி தொங்கும் தோலை இரு பக்கமும் மூடித் தைத்திருப்பார்கள், சொட்டுத் தண்ணீர் உள்ளே போகாது. பிறகு அடியில் ரப்பர், மேலே தோல் என்று ஒரு ரெண்டுங்கெட்டான் வந்தது. இவர் அதையும் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமையானால் கொழுப்பும் மெழுகும் உருக்கித் துணியில் தொட்டு, கைக்குழந்தைக்கு எண்ணெய் தேய்க்கிற மாதிரி தேய்ப்பார். எனக்குத் தலைவலி என்றால் தைலம் இருக்கும் இடத்தைக் கையால் காட்டுவார்.

இந்த வருஷம் ஆலை வாசலில் மருந்துத் தண்ணீர்த் தொட்டி கட்டினார்கள். அதில் இறங்கித்தான் உள்ளே போகவேண்டும். தோல் தண்ணீரைக் குடித்துக் கிருமியைச் சேர்த்துவைக்குமாம். ஆகவே எல்லோருக்கும் முழங்கால்வரை வெள்ளை ரப்பர், அச்சில் வார்த்தது, தையலே இல்லை. வருஷத்துக்கு ஒரே ஜோடி. இவர் உடம்புக்கு ரப்பர் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு வாரத்தில் கணுக்கால் சுற்றிலும் கொப்புளம். ரப்பர் பக்கமே போகாதே என்றார் டாக்டர். நானே போய் சூப்பர்வைசர் முன்னால் நின்றேன். நல்ல மனுஷன், பாவம், நாற்காலி போட்டு உட்காரவைத்தார்.

"என் கையில என்னம்மா இருக்கு? இந்த பூட்ஸ் இல்லாம உங்க வீட்டுக்காரரை உள்ள விட்டா, நாளைக்கு நானும் வெளியதான்."

யாரிடம் போய் முட்டிக்கொள்வது? திட்டுவதற்குக்கூட ஓர் ஆள் கிடைக்காத கோபம் இருக்கிறதே, அது வயிற்றிலேயே கிடந்து புளிக்கிறது.

கடைசியில் இவர் தனக்குத் தெரிந்த வைத்தியத்தில் இறங்கினார். உரசாமல் இருக்கட்டும் என்று கொழுப்பை உருக்கி ரப்பரின் உள்ளும் புறமும் பூசினார், ஞாயிறு தவறாமல். கொழுப்பு குடித்தால் தோல் இன்னும் நாலு வருஷம் உழைக்கும். ரப்பர் உப்பி, இளகி, பிசினாகிவிடும் என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்? இன்று அந்தப் பிசின் வீங்கின காலைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறது.

சோப்புத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். இன்னொருமுறை இழுத்தபோது அவர் போட்ட சத்தத்தில் என் கை தானாக விட்டுவிட்டது. எழுந்து போய்க் கத்தியை எடுத்துவந்தேன்.

"வெட்டிடறேங்க."

"வேண்டாம்."

"காலு வேணுமா, இந்தச் சனியன் வேணுமா?"

"வெட்டிட்டா காலைல எதைப் போட்டுக்கிட்டு உள்ள போவேன்?" காலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "இருக்கட்டும் விடு. எப்படியும் திரும்பப் போடத்தானே போறேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் சுவரைப் பிடித்து நொண்டிக்கொண்டே போய், ஒற்றை பூட்ஸோடு கட்டிலில் ஏறிப் படுத்தார். விரிப்பு நனையாமல் இருக்க, நான் அந்தக் காலுக்கு அடியில் ஒரு பழைய துண்டை மடித்து வைத்தேன்.