ஒரே பேச்சு

புள்ள புடிக்கிறவன். பிள்ளைபிடிகாரன். புள்ளபுடிக்காரன். சுபஸ்ரீயின் திரையில் மூன்றும் தனித்தனியாக நின்றன. மூன்றும் ஒரே பேச்சுதான் என்பது மெஷினுக்குப் புரியாது. அதைச் சொல்லிக்கொடுக்கத்தான் அவளுக்குச் சம்பளம். எத்தனை பேர் பேசுகிறார்கள் என்று அது பார்ப்பதில்லை, பேச்சு எவ்வளவு வேகமாகக் கூடுகிறது என்றுதான் பார்க்கும். சேர்த்துவிட்டால் திருச்சி ட்ரெண்டிங் பட்டியலில் விறுவிறுவென்று ஏறிவிடும்.

"சார், சத்திரம் பஸ் ஸ்டாண்டுல யாரோ குழந்தையத் தூக்கிட்டானாம். புரளி மாதிரி இருக்கு. சேக்கவா?"

"நெசமா பொய்யான்னு பாக்கறதுக்கு வேற டீம் இருக்கும்மா. ஒண்ணா, வேறயா? நமக்கு அவ்வளவுதான்" என்றார் மேற்பார்வையாளர் ஜனார்தன்.

'ஒன்று' என்பதை அழுத்தினாள். பேச்சு முதலிடத்துக்குப் போனது. போனை ஆபீஸ் வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். அப்பா இந்நேரம் அவள் மகள் கனிஷ்காவை ஸ்ரீரங்கத்திலிருந்து கூட்டிக்கொண்டு, சத்திரத்தில் பஸ் மாறி, மணப்பாறைக்குப் போய்ச் சேர்ந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டாள்.

சற்று நேரத்தில் அந்தப் பேச்சின் கீழ் ஒரு வீடியோ வந்து விழுந்தது. டீக்கடையிலும் பஸ்ஸிலும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் இறங்கி, அழும் குழந்தையோடு நின்ற ஒரு கிழவரை நோக்கி ஓடினார்கள். ஹெல்மெட்டால் ஒருவன் கிழவரின் வாயில் அடித்தான். பல்லும் ரத்தமும் சட்டையில் வழிந்தன. அவள் தீபாவளிக்கு எடுத்துக் கொடுத்த சட்டை.

"எம் பேத்திய்யா... எம் பேத்தி..."

"பேத்தின்னா ஏன்டா அழுவுது?"

பலூன் வாங்கித் தராததற்கு அழுத குழந்தை இப்போது வேறு விதமாக அலறியது. கீழே விழுந்தவரின் நெஞ்சில் ஏறி மிதித்தார்கள். முகம் கிடைக்காதவர்கள் காலை மிதித்தார்கள். அடிக்கிற கையை விட வீடியோ எடுக்கிற கை அதிகம்.

சுபஸ்ரீ நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். "சார், எங்கப்பா சார்! பிரிங்க சார், அதப் பிரிச்சு விடுங்க!" ஜனார்தனின் சட்டையைப் பிடித்து உலுக்கினாள்.

"சேத்ததைப் பிரிக்க மேல கேக்கணும்மா" என்றார் ஜனார்தன்.

பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே அப்பா பிச்சமுத்துவின் உயிர் போய்விட்டது.

காரியம் முடிந்த மறுநாளே சுபஸ்ரீ வேலைக்கு வந்தாள். இன்னும் லீவு போட்டால் வேறு ஆள் பார்ப்பதாகச் சொல்லிவிட்டிருந்தார்கள். பாவிகளா என்று வாய்க்குள் திட்டிக்கொண்டே போனை வாசலில் கொடுத்தாள்.

அன்றுதான் சிலரைக் கைது செய்திருந்தார்கள். ஊரெல்லாம் அதே பேச்சு. ஹெல்மெட்டைத் தூக்கியவர்களே இப்போது நீதி கேட்டுக்கொண்டிருந்தார்களோ என்னவோ. திரையில் புதிதாக மூன்று வந்து நின்றன.

பிச்சமுத்து. பிச்சைமுத்து. பிச்சமுத்து தாத்தா.

ஜனார்தன் பின்னால் வந்து நின்றார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"ஒண்ணாம்மா, வேறயா?"

"ஒண்ணுதான் சார்."

அழுத்தினாள். அப்பா முதலிடத்துக்குப் போனார்.