சாயங்காலத்திலிருந்து காலைக்கு

பந்து மறுபடியும் பிளந்துகொண்டது. வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கம்பளி நாரை நனைத்து, இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து, பட்டும் படாமலும் உருட்ட வேண்டும் என்று டீச்சர் தலைபாடாக அடித்துக்கொண்டாள். அழுத்துவதெல்லாம் பிறகு, நாரோடு நார் பின்னிக்கொண்ட பிறகு. இவளுக்குத்தான் அந்தப் பொறுமை இல்லை. எடுத்ததுமே அமுக்கிவிடுகிறாள், நடுவில் ஒரு மடிப்பு விழுந்து, எவ்வளவு உருட்டினாலும் மூடிக்கொள்ள மாட்டேன் என்கிறது. ஆறு சனிக்கிழமையாக இதே கதை. எதிரே உட்கார்ந்திருந்த கணவனின் பந்து மட்டும் கடையில் வாங்கியதுபோல் வந்திருந்தது. லிஃப்ட் மெக்கானிக்கின் கை அது. இறுக்க வேண்டியதை இறுக்கி, விட வேண்டியதை விட்டுப் பழகிய கை.

சமூகக் கூடத்தின் மாடியில் நடக்கிற பட்டறை. வால்டார்ஃப் என்கிற மாற்றுக்கல்விப் பள்ளிகளில் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிற கைவேலைகளைக் குடும்பத்தோடு வந்து செய்துபார்க்கலாம். கம்பளி உருட்டலாம், தேன்மெழுகில் உருவம் பிடிக்கலாம், ஈரத்தாளில் வண்ணம் தீட்டலாம். முடிவில் கால் மணி நேரம் தியானம். மருந்துக்கடையில் இவளோடு வேலை பார்க்கிற அக்காதான் பிடிவாதமாகச் சேர்த்துவிட்டாள். "வீட்டுல ஆளுக்கொரு சுவத்தைப் பார்த்துட்டு உக்காந்திருக்கறதுக்கு, அங்க போய் நாலு மனுஷங்களைப் பார்த்துட்டு உக்காருங்களேன்" என்றாள். சேர்ந்த அன்று கொடுத்த படிவத்தில் குடும்பத்தில் எத்தனை பேர் என்று கேட்டிருந்தது. கணவன் மூன்று என்று எழுதினான். எழுதிவிட்டுப் பேனாவை எடுக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தான். பிறகு அதை அடித்துவிட்டு இரண்டு என்று போட்டான். இவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மூன்றாவது ஆள் போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. ஒன்பது வயது மகள். அப்பன் அவளைக் கொசு என்றுதான் கூப்பிடுவான். காதோரமாக வந்து நைநை என்று பேசிக்கொண்டே இருப்பாள், விரட்டினாலும் போக மாட்டாள். ஒரு வியாழக்கிழமை பள்ளிக்கூடத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிட்டாள். குடல் முறுக்கிக்கொண்டு, ரத்த ஓட்டம் நின்றுபோய்விட்டது என்றார்கள். கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் என்றார்கள். மறுநாள் விடிந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

பள்ளிக்கூடத்திலிருந்து அவனுக்குத்தான் போன் போயிருக்கிறது, ஐந்து தடவை. மருந்துக்கடையில் வேலை நேரத்தில் போனைத் தொடக் கூடாது என்பதால் இவள் எண்ணைக் கொடுத்திருக்கவே இல்லை. அவன் லிஃப்ட் குழிக்குள் இறங்கியிருந்தான். போன் மேலே பையில் கிடந்தது. அந்த ஒன்றரை மணி நேரத்தைத்தான் அவன் இன்றுவரை சுமக்கிறான். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் கேட்பதற்கு முன்பே, "நான்தான் போனை எடுக்கல" என்று அவனாகச் சொல்வான். இவள் ஒரு நாளும் அவனைக் குறை சொன்னதில்லை. வேறொருத்தியாக இருந்தால் புருஷனைப் பிடுங்கித் தின்றிருப்பாள், இவளுக்குத் தங்கமான மனசு என்று சொந்தபந்தமெல்லாம் மெச்சிக்கொண்டது.

தங்கமாவது ஒன்றாவது. அன்று காலை ஆறரை மணிக்கு, படுக்கையிலிருந்து எழுந்திருக்காமல், "அம்மா, வயிறு வலிக்குது" என்று அந்தக் குழந்தை முதலில் சொன்னது இவளிடம்தான். கடைக்கு அதிகாரிகள் சோதனைக்கு வருகிற நாள். "பரீட்சைன்னா போதுமே, எங்கிருந்துதான் வலி வருமோ உனக்கு" என்று எரிந்து விழுந்தாள். கைப்பையில் இருந்த வலி மாத்திரை ஒன்றைக் கொடுத்து, முழுங்கிவிட்டுக் கிளம்பு என்றாள். கடையில் யாராவது வயிற்றுவலி என்று வந்தால் எப்போதிருந்து, எந்தப் பக்கம், வாந்தி உண்டா என்று பத்துக் கேள்வி கேட்காமல் மாத்திரை டப்பாவைத் தொட மாட்டாள். பெற்ற பிள்ளையிடம் ஒன்றுகூடக் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர், "காலைல ஏதாவது மாத்திரை குடுத்தீங்களா?" என்று கேட்டார். கணவன் பக்கத்தில் நின்றிருந்தான். "இல்ல" என்றாள். சொன்ன சொல்லைத் திரும்ப எடுக்க அதன் பிறகு இவளுக்குத் துணிச்சல் வரவே இல்லை. அவன் சுமப்பதைப் பார்த்துக்கொண்டே பதினோரு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டாள்.

இங்கே தியானம் என்பது கண்ணை மூடிக்கொண்டு அன்றைய நாளைப் பின்னாலிருந்து பார்ப்பது. மாடிப்படி ஏறியது, அதற்கு முன் பஸ், அதற்கு முன் சாப்பாடு, அதற்கு முன் குளியல் என்று ஒவ்வொன்றாகப் போய், கண் விழித்த நிமிஷத்தில் நிற்க வேண்டும். சரி தப்பு பார்க்கக் கூடாது, வெறுமனே பார்த்தால் போதும். சொல்வதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. இவள் கண்ணை மூடினால் வருவது அந்த ஒரே வியாழக்கிழமைதான். ஆஸ்பத்திரி, மருந்துக்கடை என்று தொடங்கி, வீட்டு வாசலுக்கு வருவதற்குள் கண்ணைத் திறந்துவிடுவாள். ஆறரை மணிக்கு ஒரு தடவைகூடப் போய்ச் சேர்ந்ததில்லை.

இன்று டீச்சர் புதிதாக ஒன்று சொன்னாள். கனத்த உடம்பும் நிதானமான குரலுமாக, அவசரமாகப் போகிறவரைக்கூட உட்காரவைத்துவிடுகிற பெண்மணி அவள்.

"இன்னைக்குக் கண்ணை மூட வேண்டாம். ரெண்டு ரெண்டு பேரா உக்காந்துக்கங்க. ஒருத்தர் பின்னாலேருந்து சொல்லிட்டு வரணும், இன்னொருத்தர் கேக்கணும். கேக்கறவங்க வாயைத் திறக்கக் கூடாது. ம் கூட வேண்டாம். கை மட்டும் பந்தை உருட்டிட்டே இருக்கணும், நிக்கக் கூடாது."

"என் வீட்டுக்காரி ம் கொட்டாம இருந்தா எனக்குப் பயமா இருக்கும் டீச்சர்" என்றார் பக்கத்து மேசைத் தபால்காரர். எல்லாரும் சிரித்தார்கள். இவளும் சிரித்தாள். பஸ், துணி மடித்தது, சமையல், வீடு துடைத்தது என்று இன்றைய நாளை மனதுக்குள் வேகமாக அடுக்கிவைத்துக்கொண்டாள். அதை ஒப்பித்துவிட்டால் தப்பித்துவிடலாம்.

"நான் முதல்ல சொல்றேன்" என்றான் கணவன். கேட்டதற்கே பாதிப் பதில் சொல்கிறவன். இவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

"சாயங்காலம் ஆறு மணி" என்று ஆரம்பித்தான். "உள்ள கொண்டு போயிட்டாங்க. கதவைச் சாத்திட்டாங்க."

இப்போது மணி நாலுகூட ஆகவில்லை. எந்த நாளைச் சொல்கிறான் என்று இவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. அப்படியானால் இந்த ஆறு வாரமும் இவனுக்கும் அந்த ஒரே நாள்தான் வந்துகொண்டிருந்திருக்கிறது.

"அதுக்கு முன்னாடி ஆம்புலன்ஸ். என் சட்டையைப் பிடிச்சிட்டே வந்தா. அதுக்கு முன்னாடி ஸ்கூல். பெஞ்சுல படுக்க வெச்சிருந்தாங்க. அதுக்கு முன்னாடி போன். அஞ்சு மிஸ்டு கால்."

இங்கேதான் எப்போதும் நிறுத்துவான். இதோடு முடிந்தது என்று இவள் மூச்சை விட்டாள். அவன் நிறுத்தவில்லை.

"அதுக்கு முன்னாடி ஸ்கூல் கேட். இறங்கி டாட்டா காட்டினா. அதுக்கு முன்னாடி பைக்ல வர்றோம். முதுகுல சாஞ்சுக்கிட்டா. பேசவே இல்ல. என்ன இது, கொசு பேசாம வருதேன்னு நெனச்சேன். நெனச்சதோட சரி." பந்தைத் தண்ணீரில் முக்கி எடுத்தான். "அதுக்கு முன்னாடி நம்ம வீட்டு வாசல். ஷூ மாட்டிவிட்டுட்டு இருந்தேன். நீ உள்ள தலை வாரிட்டு இருந்த. அப்பா, வயிறு வலிக்குதுன்னா."

இவள் தலையை நிமிர்த்தினாள். அவன் பந்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அம்மாகிட்ட சொன்னியான்னு கேட்டேன். இல்லப்பான்னா. சரி, சொல்லாத, சாயங்காலம் பாத்துக்கலாம்னேன். உன்கிட்ட சொன்னா நீ வீட்ல நிறுத்திடுவ. யாராவது லீவு போடணும். அன்னைக்குதான் அந்தக் கட்டடத்து லிஃப்டை ஒப்படைக்கற நாள்." அவன் கை உருட்டுவதை விடவில்லை. "போன் எடுக்காததை எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். அது சொல்லக்கூடியது. இதை யார்கிட்டயும் சொல்ல முடியல. உன் காதுக்கு வந்திருந்தா நீ விட்டிருக்க மாட்ட. எங்க வலிக்குது, எப்பலேருந்துன்னு கொடைஞ்செடுத்திருப்ப. அவ இருந்திருப்பா. நான்தான் சொல்ல விடாம பண்ணிட்டேன்."

மகள் இரண்டு பேரிடமும் சொல்லியிருக்கிறாள். முதலில் அம்மாவிடம். அங்கே ஒன்றும் நடக்கவில்லை என்றதும் அப்பாவிடம். ஒரு வாய்தான் அந்தக் குழந்தைக்கு, அதை வைத்துக்கொண்டு அவளால் முடிந்ததெல்லாம் சொல்லிப்பார்த்திருக்கிறாள். ஆனால் சொன்னியா என்று கேட்டதற்கு ஏன் இல்லை என்றாள்? திரும்பவும் திட்டு விழும் என்ற பயமா? அம்மா கவனிக்கவில்லை என்று அப்பாவுக்குத் தெரிய வேண்டாம் என்றா? அரை மணி நேரம் ஒரு ரகசியத்தை அடக்கிவைக்கத் தெரியாதவள், இதை மட்டும் அடக்கிக்கொண்டு பைக்கில் ஏறிப் போயிருக்கிறாள். வாயைத் திறக்கக் கூடாது என்கிற விதி இருந்ததால் இவள் பிழைத்தாள்.

டீச்சர் மேசைமேல் இருந்த சின்ன மணியைத் தட்டினாள். "இப்ப மாத்திக்கலாம். கேட்டவங்க சொல்லுங்க."

கணவன் ஈரக் கையைத் தூக்கி, தோள்பட்டையில் முகத்தைத் துடைத்துக்கொண்டான். கண் சிவந்திருந்தாலும் முகம் தளர்ந்திருந்தது. இந்தப் பதினோரு மாதத்தில் இவள் பார்க்காத முகம். துணி மடித்ததையும் வீடு துடைத்ததையும் ஒப்பிக்கலாம். நீ விட்டிருக்க மாட்ட என்று அவன் நம்புகிற அந்தப் பெண்ணாக மிச்சக் காலத்தையும் ஓட்டிவிடலாம். அவனுக்கும் அது ஆறுதல்தானே என்று மனசு நைசாக எடுத்துக்கொடுத்தது. ஆனால் அவன் தடுத்ததாக நினைத்து உருகுகிற அந்த வார்த்தை, அவன் தடுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே இவள் காதில் விழுந்துவிட்டது. அதைச் சொன்னால் அவன் பாரத்தில் பாதி இறங்கும். இவள்மேல் அவனுக்கு இருக்கிற நம்பிக்கையெல்லாம் அதோடு போய்விடும். இந்த உலகத்தில் இவளுக்கென்று மிச்சம் இருப்பது அவன் ஒருவன்தான்.

"அன்னைக்குக் காலைல" என்று ஆரம்பித்தாள்.

மேசையைக் கடந்துபோன டீச்சர் குனிந்து, "பின்னாலேருந்து வாங்கம்மா. சாயங்காலத்துலேருந்து" என்றாள் மெதுவாக.

"இல்ல டீச்சர். எனக்கு இது காலைலேருந்துதான் சொல்ல வரும்."

டீச்சர் இவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து நகர்ந்துபோனாள். பக்கத்து மேசையில் தபால்காரர் ஏதோ சொல்ல, அவர் மனைவி சிரிப்பை அடக்க முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"காலைல ஆறரை மணி. அவ இன்னும் படுக்கையில இருந்தா. நீங்க குளிச்சிட்டு இருந்தீங்க" என்றாள். குரல் யாருடையதோபோல் இருந்தது. "அவ உங்ககிட்ட இல்லன்னது பொய்ங்க. என்கிட்டதான் முதல்ல சொன்னா. நான் ஒரு மாத்திரையைக் குடுத்து அனுப்பிட்டேன்."

கேட்கிறவர் பேசக் கூடாது. தண்ணீருக்குள் அவன் கைகள் நின்றுவிட்டன. பந்து அவற்றிலிருந்து நழுவி மேலே வந்து மிதந்தது. அவன் விரல்களைச் சுற்றியிருந்த சோப்பு நுரை ஒவ்வொரு குமிழாக உடைந்துகொண்டிருந்தது. அது உடைவதைப் பார்த்துக்கொண்டே இவள் அடுத்து ஆறே முக்கால் மணிக்கு வந்தாள்.