ரெகுலேட்டருக்கு ஒரு பொட்டு

கரியமாணிக்கம் எந்த இயந்திரத்தையும் பொட்டு வைக்காமல் ஓட்டிவிட்டதில்லை. பக்தி என்று பெரிதாகச் சொல்ல முடியாது. அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை பழகிய காலத்தில் ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை கையில் ஒட்டிக்கொண்ட பழக்கம், சைகோன் வரைக்கும் கூடவே வந்துவிட்டது, அவ்வளவுதான். த்ருவோங் டின் தெரு மாரியம்மன் கோயிலில் கொடுத்த சந்தனமும் குங்குமமும் அவனுடைய கருவிப்பெட்டியில், காஸின் அழுத்தம் பார்க்கும் மீட்டருக்குப் பக்கத்திலேயே ஒரு டப்பாவில் இருக்கும். வியட்நாம்காரர்களுக்கும் இது பிடித்துப்போயிற்று. "அந்தப் பொட்டு வைக்கிற இந்தியரையே அனுப்புங்கள்" என்று, அவன் வேலை பார்க்கும் சூடு, குளிர் இயந்திரக் கம்பெனிக்குப் போன் செய்து கேட்பவர்களும் உண்டு. பதினோரு வருடத்தில் தான் தொடக்கிவைத்த இயந்திரம் ஒன்றுகூட வம்பு செய்ததில்லை என்பதில் அவனுக்குக் கொஞ்சம் தலைக்கனம். வெயிலிலும் மழையிலும் கூரையேறி உழைக்கிறவனுக்கு அதுகூட இல்லாவிட்டால் எப்படி?

அன்றைக்கு வேலை சைகோனுக்கு வெளியே குச்சி என்ற ஊரில், தெய்வயானை ஆச்சியின் கோழிப்பண்ணையில். மூன்று நாளாக அடைமழை. ஈரக்காற்று எலும்புக்குள் புகுந்தது. ஆச்சி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கொட்டகை வாசலிலேயே நின்றிருந்தாள்.

"வாங்க தம்பி. குஞ்சு வண்டி பன்னெண்டு மணிக்கு வந்துரும். ஆறாயிரம் குஞ்சு, நேத்துப் பொறந்ததுக. டெட்டு வருசப்பொறப்புக்கு விக்கிறதுக்கு இப்ப விட்டாத்தான் சரியா இருக்கும். உள்ள முப்பத்துமூணு டிகிரி வேணும். குளுந்துச்சுன்னா ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நசுங்கியே செத்துப்போகும்."

"கவலைய வுடுங்க ஆச்சி. பதினோரு மணிக்கு உள்ள போனா உங்களுக்கே வேர்த்துக் கொட்டும்" என்றான் கரியமாணிக்கம்.

கொட்டகைக்கு வெளியே, சிமெண்டு மேடைமேல் புது இயந்திரம் பீரோ அளவுக்கு உட்கார்ந்திருந்தது. கோழிகள் குஞ்சாக இருக்கும்போது காஸை எரித்துச் சூடு தரும். வளர்ந்த பிறகு ஏ.சி. போலக் குளிர் தரும். இரண்டும் ஒரே பெட்டிக்குள். காஸ் குழாயைப் போட்டவள் ஹான். ஆறு வருடமாக அவனோடு வேலை செய்கிற பெண், அதிகம் பேசமாட்டாள், அவள் முறுக்கிய மரையில் இதுவரை காஸ் கசிந்ததில்லை.

கரியமாணிக்கம் சந்தனத்தைக் குழைத்தான். பெட்டியின் கதவுக்கு ஒன்று, மின்விசிறி மூடிக்கு ஒன்று, ரெகுலேட்டருக்கு ஒன்று. வீட்டு சிலிண்டரில் இருப்பதைப் போல நாலு மடங்கு பெரிய ரெகுலேட்டர், வட்ட முகம். அதற்குக் கொஞ்சம் தாராளமாகவே வைத்து, நடுவில் குங்குமம் அழுத்தினான். கற்பூரம் மட்டும் ஏற்றவில்லை. காஸ் இருக்கிற இடத்தில் நெருப்பு காட்டுவானா அவன்? அந்த விஷயத்தில் அவன் படு உஷார்.

முதலில் குளிரூட்டும் பக்கத்தை ஓட்டிப் பார்த்தான். சில்லென்று வந்தது. பிறகு காஸைத் திறந்து ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவினான். ஒரு குமிழிகூட இல்லை. இந்த காஸ் காற்றைவிடக் கனமானது, தரையில்தான் தேங்கும் என்பதால், கசிவு காட்டும் கருவியை ஹான் தரையோடு தரையாக நகர்த்திப் பார்த்தாள். அது வாயைத் திறக்கவில்லை. எல்லாம் ஒழுங்கு. மின்விசிறி சுற்றியது, பொறி தட்டியது, பர்னரில் நீலமாக வரிசை பிடித்துத் தீ எரிந்தது. ஆச்சி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

ஐந்து நிமிடம்தான். நீலத்தின் நுனியில் மஞ்சள் தட்டியது. மஞ்சள் நீண்டது. பிறகு தீ உறுமத் தொடங்கியது. முப்பதில் நிற்கவேண்டிய அழுத்த மீட்டர் முப்பத்தெட்டைத் தாண்டி நாற்பத்துநாலுக்குப் போய்க்கொண்டிருந்தது. கரியமாணிக்கம் பாய்ந்து வால்வை மூடினான்.

மறுபடியும் ஏற்றினான். மறுபடியும் அதேதான்.

"ஹான்! குழாயை ஊதிவிட்டுத்தான் மாட்டினாயா? உள்ளே குப்பை இருக்கிறது. ரெகுலேட்டருக்குள் போய் அடைத்துக்கொண்டிருக்கிறது" என்று வியட்நாமியத்தில் சத்தம் போட்டான். ஆச்சி அவனைவிட நன்றாக அந்த மொழி பேசுகிறவள். அவளும் தன் பங்குக்கு, "இவ்வளவு பெரிய வேலையில் கவனம் வேண்டாமா, பெண்ணே?" என்றாள். ஹான் குழாயைக் கழற்றினாள், ஊதினாள், துணி விட்டு இழுத்துக் காட்டினாள். துணி வெள்ளையாகவே வந்தது. திரும்ப மாட்டிச் சோப்புத் தண்ணீர் தடவி முடிப்பதற்குள் மணி பதினொன்று.

மறுபடி ஏற்றினார்கள். மீட்டர் நாற்பதைத் தாண்டியது.

அதற்குள் ஆச்சியின் போன் அடித்தது. வண்டி ஹோக் மோன் தாண்டிவிட்டதாம். வேறு ரெகுலேட்டர் வேண்டுமென்றால் நகரத்துக்குப் போய்த்தான் வாங்கிவரவேண்டும். போக வர மூன்று மணி நேரம்.

"தம்பி, அதத் திருகிக் கொறச்சு வச்சாவது ஓட்டுங்களேன். இந்த ஒரு நாளு மட்டும். ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்றாள் ஆச்சி. அவள் குரல் கலங்கியிருந்தது.

திருகிக் குறைக்கலாம். மீட்டரில் முப்பது என்றுதான் காட்டும், பார்க்கிறவர் கண்ணுக்கு எல்லாம் சரியாகவே இருக்கும். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு அது எங்கே நிற்கும் என்பதை யார் கண்டார்கள்? இது ஆபத்து என்று கரியமாணிக்கத்துக்குத் தெரியும். தெரிந்தும் ஸ்குரூ டிரைவரை எடுத்தான். குஞ்சுகளை நினைத்து எடுத்தான் என்று சொல்லலாம். தன் பதினோரு வருடப் பெயரை நினைத்தும்தான் எடுத்தான்.

திருகாணியைத் தேடி ரெகுலேட்டருக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனபோது சந்தன வாசனை அடித்தது.

ரெகுலேட்டருக்குள்ளே ஒரு ரப்பர் சவ்வு இருக்கிறது. அது மேலும் கீழும் அசைந்துதான் காஸை அளவாக விடும். அது அசைய வேண்டுமானால் மேலே இருக்கும் காற்று போய்வர ஒரு பொடித் துளை வேண்டும். துளை அடைபட்டால் சவ்வு எழும்பாது, காஸ் அளவு மீறிப் போகும். அந்தத் துளை எங்கே இருக்கும் என்று அவனைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். வட்ட முகத்தில், நெற்றிக்குப் பொட்டு வைக்கிற அதே இடத்தில்.

ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்தான். ஊக்கை எடுத்துக் குத்தினான். ஈரச் சந்தனம் உருண்டையாக வந்தது, குங்குமத்தோடு. கழுத்தைத் திருப்பிப் பார்த்தான். ஆச்சி போனில் இருந்தாள். ஹான் கைகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். யாரும் பார்க்கவில்லை. உருண்டையைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டான்.

காஸைத் திறந்ததும் மீட்டர் முப்பதில் போய் நின்றது, நின்றது நின்றபடியே இருந்தது. தீ நீலமாக எரிந்தது. புகைபோக்கியில் நச்சுப்புகை உண்டா என்று பார்த்தான், இல்லை. தீயை வேண்டுமென்றே அணைத்து, காஸ் தானாக நிற்கிறதா என்று பார்த்தான், நின்றது. பன்னிரண்டே காலுக்கு வண்டி வந்தபோது கொட்டகைக்குள் முப்பத்துமூன்று டிகிரி. ஆறாயிரம் மஞ்சள் குஞ்சுகளும் உமி விரித்த தரையில் பரவி, கீச்சுகீச்சென்று தீவனத்தைக் கொத்தத் தொடங்கின. ஒன்றின்மேல் ஒன்று ஏறவில்லை. ஆச்சி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"கைராசிக்காரருன்னு சும்மாவா சொல்றாக" என்றாள்.

தொடக்கச் சான்றுத் தாளை எடுத்து மேடைமேல் வைத்தான். கோளாறு: அழுத்தம் மிகுதி. எழுதியாயிற்று. அடுத்த வரி, காரணம். பேனா அங்கேயே நின்றது.

ஹான் குனிந்து பார்த்தாள். "குழாயில் தூசி என்று எழுதிவிடுங்கள் அண்ணா. நான் கையெழுத்துப் போடுகிறேன். சில சமயம் கண்ணுக்குத் தெரியாமல் இருந்துவிடும்."

அவள் உண்மையிலேயே அப்படித்தான் நம்பினாள். அதுதான் அவனைச் சுட்டது. அவன் திட்டியதை நம்பி, செய்யாத தப்பைத் தன் தலையில் ஏற்றிக்கொண்டு நிற்கிறாள்.

ஆனால் அவனை உலுக்கியது அதுகூட இல்லை. சட்டைப்பையிலிருந்து வாசனை வந்துகொண்டே இருந்தது. பதினோரு வருடம். பேக்கரி, சாயப்பட்டறை, காளான் பண்ணை, ஓட்டல்கள். எல்லா ரெகுலேட்டரும் ஒரே அமைப்பு இல்லை. சிலவற்றில் துளை பக்கவாட்டில், சிலவற்றில் கீழே. எதில் மேலே இருந்தது? எதில் தாராளமாக வைத்தான்? நினைத்து நினைத்துப் பார்த்தான், ஒன்றும் பிடிபடவில்லை. காய்ந்த சந்தனம் உதிர்ந்திருக்கும் என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டான். உதிராமலும் இருந்திருக்கலாமே. ரகசியமாகப் போய்ச் சுரண்டிவிட்டு வர இது ஒரு இடமா, இரண்டு இடமா? ஏறக்குறைய நூறு இடம். போய்ச் சேர்கிறவரைக்கும் எல்லோரும் காஸை மூடி வைக்கவேண்டும். மூடச் சொன்னால் ஏன் என்று கேட்பார்கள்.

பையிலிருந்து உருண்டையை எடுத்துத் தாளின்மேல் வைத்தான்.

"குழாயில தூசி இல்ல ஆச்சி. ஹான் மேல ஒரு தப்பும் இல்ல. நான் வெச்ச பொட்டு, ரெகுலேட்டர் மூச்சு விடற ஓட்டைய அடச்சிடுச்சி." அதையே ஹானிடம் அவள் மொழியில் சொன்னான்.  "உன்னைத் திட்டியது என் தப்பு, மன்னித்துவிடு."

ஆச்சி உள்ளே குஞ்சுகளைப் பார்த்தாள். பிறகு, "மத்த எடத்துலயும் வச்சிருக்கீகளா?" என்று மட்டும் கேட்டாள்.

"எல்லா எடத்துலயும்."

"அப்ப ஒக்காந்துக்கிட்டு இருக்கீகளே, போன எடுங்க."

காரணம் என்ற வரியில் உள்ளதை உள்ளபடி எழுதி, கீழே தன் ஒருவன் கையெழுத்தைப் போட்டான். ஹான் தன் போனையும் எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பழைய வேலைகளின் பட்டியலை அவள் கடைசியிலிருந்து பிடித்தாள், அவன் முதலிலிருந்து.

முதல் பெயர் டோங் டு தெரு ஓட்டல். துணி உலர்த்தும் அறைக்கு அவன் தொடக்கிவைத்த இயந்திரம், சைகோனில் அவனுடைய முதல் வேலை. அந்த அறையைப் பார்த்துக்கொள்ளும் அம்மாளே எடுத்தாள். பொட்டு வைத்த இந்தியன் பேசுகிறேன் என்றதும் அவளுக்கு ஒரே சந்தோஷம்.

"அம்மா, அந்தப் பொட்டைப் பற்றித்தான்..." என்று ஆரம்பித்தான்.

"கவலையே வேண்டாம் தம்பி" என்றாள் அவள். "நீங்கள் வைத்ததிலிருந்து இந்த இயந்திரம் எங்களுக்கு எவ்வளவு ராசி! அது உதிர்ந்துபோக விடுவோமா? வருஷா வருஷம் டெட் வந்தால் நானே சிவப்பு நெயில் பாலிஷ் எடுத்து, அந்த வட்ட முகத்தில் அதே இடத்தில் கெட்டியாக வைத்துவிடுகிறேன்."

கரியமாணிக்கம் எழுந்து நின்றுவிட்டான். பின்னால் துணி உலர்த்தும் இயந்திரம் ஓடும் சத்தம் போனில் கேட்டது.

"அம்மா," என்றான், "பேசிக்கொண்டே நடங்கள். சிவப்புக் கைப்பிடி போட்ட வால்வு. அதை மூடுங்கள். மூடிவிட்டேன் என்று நீங்கள் சொல்கிறவரைக்கும் நான் போனை வைக்க மாட்டேன்."