பிசுபிசுத்த கதவுக் குமிழ்

"ஒரு நடை வந்துட்டுப் போண்ணே" என்று தங்கை போனில் கூப்பிட்டபோது, மரக் கடைசல் பட்டறை வைத்திருந்த அண்ணன், தன்னைப் பாராட்டத்தான் அழைக்கிறாள் என்று நினைத்தான். அவளுடைய பல் மருத்துவமனைக் கதவுகளுக்கெல்லாம் மரக்குமிழ் கடைந்து கொடுத்திருந்தவன் அவன்தான்.

உள்ளே நுழைந்தால், காத்திருந்தவர்கள் எல்லோரும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுத்தம் செய்கிற அக்கா வாளியோடு தலைகுனிந்து நிற்க, தங்கை கையுறையைக்கூடக் கழற்றாமல் பொரிந்து தள்ளிக்கொண்டிருந்தாள்.

"எதைப் போட்டுத் துடைக்கிறீங்க? தொட்டவங்க கையெல்லாம் பிசுபிசுன்னு ஒட்டுது. பல்லைப் பிடுங்க வந்தவர் கதவைப் பிடுங்கிட்டுப் போயிடுவார் போல!"

யாரோ சிரித்தார்கள்.

"வெறும் தண்ணிதான் டாக்டரம்மா. சத்தியமா."

"தண்ணி எப்படிப் பிசினாகும்? நாளைலேர்ந்து நீங்க வர வேண்டாம்." அண்ணனைப் பார்த்ததும் குரல் இறங்கியது. "நீயே பாருண்ணே, உன் குமிழ் படுற பாட்டை."

குமிழைப் பிடித்தான். விரல் ரேகை அப்படியே பதிந்தது. உள்ளங்கையில் பழுப்பாக ஒட்டியது. கதவுக்குப் பக்கத்துச் சுவரில் சானிடைசர் தொங்கியது. வருகிறவர்கள் எல்லோரும் அதை அழுத்திவிட்டு, ஈரக்கையோடு குமிழைத் திருகினார்கள். அவனுக்குக் காரணம் புரிந்துவிட்டது.

"பல பேர் கை படுற இடம். அழகு கொஞ்சம் கம்மியானாலும் பரவால்ல, கெட்டியா வார்னிஷ் அடிச்சுடு" என்று தங்கை அன்றே சொல்லியிருந்தாள். வார்னிஷ் என்றால் அடித்து, காயவைத்து, தேய்த்து, மறுபடி அடிக்க வேண்டும். அவனோ அன்று பட்டறையில், ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கில் கொஞ்சம் எண்ணெய் சேர்த்துத் துணியில் தொட்டு, சுழலும் மரத்தில் அழுத்தினான். துணி சூடேறியதும் தூங்கியவன் கண் விழிப்பதுபோல் மரம் பளிச்சென்று விழித்துக்கொண்டது. அந்த ஒரு கணத்துக்காக எதையும் கொடுப்பான். இதைப் பார்த்த பிறகு வார்னிஷாவது ஒன்றாவது! யாருக்குத் தெரியப்போகிறது?

"ஆமா… மேல என்னமோ படிஞ்சிருக்கு" என்றான். சொன்னது பொய்யும் இல்லை; படிந்திருந்தது அவன் போட்ட அரக்கேதான். அதுதான் இன்னும் கேவலமாக இருந்தது. "கழட்டி எடுத்துட்டுப் போய்ச் சரி பண்ணித் தரேன்."

"பாத்தீங்களா?" என்று அந்த அக்காவிடம் சொல்லிவிட்டுத் தங்கை உள்ளே போனாள்.

அவன் குனிந்து திருகாணிகளைக் கழற்றினான். சுத்தம் செய்கிற அக்கா பக்கத்தில் வந்து, அவை உருண்டு போகாமல் கையில் வாங்கிக்கொண்டாள்.

"தம்பி, செஞ்சவரு நீங்க. நான் துடைச்சதுல என்ன தப்புன்னு சொல்லிடுங்க. அடுத்த இடத்துலயாவது அப்படிச் செய்யாம இருக்கேன்."

கேலியில்லை, குத்தலில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அவன் காது மடல் சுட்டது. திருப்புளியைக் கீழே வைத்துவிட்டு உள்ளறைக்குப் போனான்.

விளக்கு வெளிச்சத்தில் ஒருவர் வாயைப் பிளந்து படுத்திருந்தார்.

"தப்பு என்னோடது. நான் வார்னிஷ் அடிக்கல. அரக்கு பாலிஷ் போட்டேன். சானிடைசர்ல இருக்கற ஸ்பிரிட் பட்டா அது கரையும்."

பல் குடையும் கருவி நின்றது. "எப்பலேர்ந்து தெரியும் உனக்கு?"

"ஸ்பிரிட்ல கரையும்னு போடும்போதே தெரியும். இங்க சானிடைசர் இருக்கறதும் தெரியும்."

படுத்திருந்தவர் வாயை மூடாமலே கண்ணைத் திருப்பி அவனைப் பார்த்தார். முகக்கவசத்துக்கு மேலே தெரிந்த தங்கையின் கண்களை மட்டும் அவனால் பார்க்க முடியவில்லை.

"அந்தக்காவை எல்லார் முன்னாடியும் பேசிட்டேனேண்ணே" என்றாள் மெதுவாக. "இவரை முடிச்சிட்டு நான் வந்து மன்னிப்புக் கேக்கறேன். முதல்ல நீ போய்ச் சொல்லு."

வெளியே வந்து அந்த அக்காவிடம் தணிந்த குரலில் எல்லாவற்றையும் சொன்னான்.

"அப்ப நான் சரியாத்தான் துடைச்சேனா?"

"சரியாத்தான்க்கா."

அவள் நாற்காலிகளின் பக்கம் பார்த்தாள். "டாக்டரம்மா என்னைத் திட்டினது இவங்க எல்லாருக்கும் கேட்டுது தம்பி. நீங்க சொன்னது எனக்கு மட்டுந்தான் கேட்டுது."

அவன் காத்திருந்தவர்கள் பக்கம் திரும்பினான்.

"பிசுபிசுப்பு இந்தக்காவால இல்லீங்க. தப்பான பாலிஷ் போட்டது நான். தெரிஞ்சேதான் போட்டேன்."

மூலையில் கன்னம் வீங்கி உட்கார்ந்திருந்த பெரியவர் காதருகே கையைக் குவித்தார்.

"என்ன சொல்றே? சத்தமாச் சொல்லுப்பா!"

அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு, முதலிலிருந்து ஆரம்பித்தான்.